கை நீட்டினால் விலகும் வண்டி

என் மனைவி விஜயகுமாரி கடைசிவரை வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. ஆனால் ஓட்டுநரே இல்லாத ஒரு வண்டி தெருவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அவள் வேலை. போன ஐப்பசியில் அவள் இறந்தபோது எனக்குத் துக்கம் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. ஏதோ கம்பெனியில் கணக்கெழுதுகிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன நிறுவனம். ஸ்டேஷன் பக்கத்துக் கிடங்கிலிருந்து பாலையும் காய்கறியையும் தெருக்கடைகளுக்குக் கொண்டுபோகும் பேட்டரி வண்டியை அங்கே வடிவமைத்தார்கள். இடுப்பு உயரம். புகை கிடையாது, சத்தமும் கிடையாது.

முதல் ஓட்டம் சதுரங்கப்பட்டினத்தில், கோட்டையை ஒட்டிய வெறும் சாலையில். நானும் போயிருந்தேன். கடலிலிருந்து ஏறிய பனிக்குள் வண்டி கரைந்துபோனது. கொஞ்ச நேரம் உலகில் எதுவுமே இல்லாததுபோல் இருந்தது. பிறகு ஈரமாகத் திரும்பி வந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.

கூடுவாஞ்சேரித் தெருவுக்கு வந்ததும்தான் இடறியது. நம் பக்கத்தில் சாலையைக் கடப்பவர்கள் வண்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கையைத் தாழ நீட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். கையைக் கண்டால் நின்றுவிடும்படி வண்டியை அமைத்திருந்தார்கள். கீரை விற்கும் எல்லம்மாள் கையை நீட்டினாள். வண்டி நின்றது. ஆளில்லாத வண்டி சட்டென்று நிற்கவும் அவளும் மிரண்டு நின்றுவிட்டாள். 'நீ போ' என்று கையை வீசினாள். வண்டிக்கு அதுவும் ஒரு கைதான். அது அசையவில்லை.

"இன்னா குமாரி, என்னையே மொறைச்சிகினு கீது?"

"உனுக்கு மரியாதை குடுக்குதும்மா. நீ தாண்டு."

"மரியாதையா? கட்டுனவனே குடுக்கல, இது குடுக்குதா? மொதல்ல அத்த போவச் சொல்லு!"

பின்னால் ஆட்டோக்கள் அலறின.

மாதக் கடைசியில் நகராட்சி அதிகாரி வந்து பார்ப்பதாக இருந்தது. அவர் சம்மதிக்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். தலைமைப் பொறியாளர் ஆதித்யா, வண்டிக்கு ஒரு குரல் வைத்துவிடலாம் என்றார்: 'தயவுசெய்து கடந்து செல்லவும்.' விடியற்காலைத் தெருவில் அப்படியொரு குரல் பேசிக்கொண்டே போவதைக் குமாரியால் நினைக்கவே முடியவில்லை.

மூன்று நாள் தெருச் சந்திப்பில் போய் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் நான் டீயோடு போனபோது அவள் கண்கள் தரையிலேயே இருந்தன.

"ஜனங்க ஓட்டுறவன் மூஞ்சியப் பாக்கறதே இல்லீங்க. ஓரக்கண்ணால சக்கரத்தத்தான் பாக்கறாங்க."

நானும் பார்த்தேன். கை நீண்டதும் எந்த ஓட்டுநரும் நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்து, முன்சக்கரத்தை நடப்பவரின் முதுகுப் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினார்கள். உனக்குப் பின்னால் போய்க்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள். கையும் சக்கரமும் பேசி முடித்துவிடுகின்றன. குமாரி அதைத்தான் வண்டிக்குள் வைத்தாள். நடப்பவர் தயங்கினால் மட்டும் அது நிற்கும்.

அதிகாரி வந்த காலையில் நானும் கூட இருந்தேன். எல்லம்மாள் கூடையோடு இறங்கிக் கையை நீட்டினாள். வண்டி தளர்ந்து, சக்கரம் திருப்பி, அவளுக்குப் பின்னால் நழுவிப் போனது.

அதிகாரி முகம் சுளித்தார். "என்னம்மா இது, நிக்கவே இல்லையே? ஆளைக் கண்டா நிக்கணும் இல்ல?"

குமாரி வண்டியைத் தெருமுனைக்குத் திருப்பி அனுப்பினாள். "நீங்களே ஒரு வாட்டி தாண்டிப் பாருங்க சார்."

அவர் சாலையில் இறங்குகிற நேரம் பார்த்துப் போன் அடித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றக் கையைத் தாழ நீட்டியபடி, யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார். பேசி முடித்துத் திரும்பினார்.

"சரி, இப்ப வண்டிய வரச் சொல்லுங்க."

"அது அப்பவே உங்க பின்னால போயிடுச்சு சார். ரெண்டாவது கடைல பால் எறங்கிகினு இருக்கும்."

எல்லம்மாள்தான் முதலில் சிரித்தாள். அதிகாரி சற்று நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு மாதத்துக்கு அனுமதி என்றார்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவள் என் தோளில் தூங்கிப்போனாள். கொளவாய் ஏரி ஜன்னலில் வெள்ளையாக விரிந்தபோது கண் திறந்தாள்.

"ஒரு பெரிய ஊரு வந்துச்சிங்க கனவுல. எவ்ளோ வண்டி! யாருமே திரும்பிப் பாக்கல."

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். இறங்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. நான் எழுப்பவில்லை.