வெளிறிய கறியும் டாக்டர் தேவசகாயமும்

கல்லறைத் தோட்டத்தில், "நமக்கு வெள்ளைப் பன்றியைத் தந்த மனிதர்" என்று பன்றி வளர்ப்போர் சங்கத் தலைவர் பேசினார். அந்தப் பன்றியின் இனவிருத்தியை நிறுத்தத்தான் டாக்டர் தேவசகாயம் கடைசிவரை மன்றாடினார். அன்று காலைதான் பால் வண்டிக்காரர், "மாட்டாஸ்பத்திரி டாக்டர் போயிட்டாராம்மா, நெஞ்சுவலியாம்" என்றிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

அவர் ஆனைக்கரைக்கு வந்தபோது எஸ்டேட் குடும்பங்களிடம் கறுப்பு நாட்டுப் பன்றிகளே இருந்தன. சங்கத்தைப் பேசி இணங்கவைத்து, இனவிருத்திக்கென்று வெளியூரிலிருந்து ஒரு வெள்ளைப் பொலிப்பன்றியை வாங்கி வந்தார். "பின்தொடையப் பாத்தியளா? மாப்பிள்ளை மாதிரில்லா நிக்கான்!" என்று அதன் முதுகைத் தட்டுவார். குட்டிகள் மளமளவென்று எடை போட்டன.

எமர்ஜென்சி முடிந்த அந்த ஈஸ்டருக்கு வழக்கம்போல் குடும்பங்கள் சேர்ந்து வெள்ளைப் பன்றியின் குட்டியொன்றை வெட்டிக் கூறு போட்டன. கறி வெளுத்து, தொளதொளத்து, வாழையிலையில் நீர் தேங்கியது. வெட்டியவர் சூசை அண்ணன். "ஏல சூசை, கறியா குடுக்க, கஞ்சியா?" என்றார்கள். எடை கூட்டத் தண்ணீர் ஊற்றியதாகப் பழி. அதன்பின் யாரும் அவரை வெட்டக் கூப்பிடவில்லை.

டாக்டர் ஒரு நாட்டுப் பன்றியையும் வெள்ளைக் குட்டியையும் ஒரே காலையில் சூசை அண்ணனை வெட்டச் சொல்லி, பக்கத்திலேயே நின்றார். நாட்டுக்கறி சிவந்து இறுகியிருந்தது. மற்றது வெளிறிச் சொட்டியது.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் நின்று சொன்னார்: "சூசை மேல பழி போடாதிய. குத்தம் அந்தப் பன்னி ரத்தத்துல இருக்கு. எல்லாக் குட்டிக்கும் வராது. எதுக்கு வரும்னு வெளிய பாத்தும் தெரியாது. அழகு பாத்து வாங்குனவன் நான். அழகோட இதுவும் சேந்தே வந்துட்டு."

சூசை அண்ணனை மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் கேட்டும் பொலிப்பன்றியைக் காயடிக்க மட்டும் சங்கத்தார் சம்மதிக்கவில்லை. "கறி வெளுத்தா என்ன சார், தராசு முள்ளா வெளுக்கப் போகுது?" என்றார் தலைவர். ஒவ்வொரு கூட்டத்திலும் டாக்டர் கேட்டார். ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள். திரும்பி வந்து நெடுநேரம் கை கழுவுவார். "அடுத்த கூட்டத்துலயும் கேப்பம், ரோஸி" என்பார் என்னிடம். குரல் வரவரத் தணிந்துகொண்டே போனது.

அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டைச் சூசை அண்ணன் தூக்கினார். குழி மூடிய பிறகும் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் நின்றார். இனி நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டாம், சார். ஓய்வெடுங்கள்.

மறுநாள் சக்குபள்ளத்திலிருந்து ஒருவர் தன் பெண் பன்றியை ஓட்டி வந்தார். பொலிப்பன்றியின் கொட்டிலைத் திறந்துவிட்டார்கள்.