தரிசு என்று எழுதப்பட்ட துவரங்கொல்லை

சவுரியம்மாளுக்குப் பொன்னாடை போர்த்திய அன்று நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். போர்த்தியவர் அவர் ஊர் வி.ஏ.ஓ. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த அம்மாளின் பயிர் நின்ற கொல்லையைத் தரிசு என்று எழுதியவரும் அதே மனுஷன்தான்.

திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான். சவுரியம்மாள் பழக்கமானதும் அப்படித்தான். வயது ஐம்பத்து மூன்று. கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிய கை. வெள்ளைக்காரன் காலத்தில் காலனி மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் மூன்று ஏக்கரை, ஊர்த்தெருவில் வசதியான சீனுவாசன் குடும்பம் நாற்பது வருஷம் தன் சொத்தாக உழுதுகொண்டிருந்தது. அதை மீட்க இந்த அம்மாள் ஒன்பது வருஷம் அலைந்தார். கிடைத்ததும் காலனிப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு பொதுவில் பயிர் வைத்தார்.

"ஆளுக்கொரு துண்டா பிரிச்சா ஒவ்வொருத்தியா மெரட்டி வாங்கிடுவானுங்க. ஒண்ணா கெடந்தா பதினோரு பேரையும்ல மெரட்டணும்?" என்பார்.

விதைக் கேப்பையை முகையூர்ப் பக்கத்து உறவுக்காரர் வீட்டில் கேட்டு வாங்கி வந்தார். ஆறு சால் கேப்பைக்கு ஒரு சால் துவரை, இடையிடையே மொச்சை. மார்கழியில் கேப்பைக் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தத் தாள் மறைப்பில் ஈரம் காயாமல் துவரை மாசி வரை காய்க்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் காய்ந்த புதராகத்தான் தெரியும். இறங்கிப் பார்க்க வேண்டும்.

தை மாதம் பயிர்க் கணக்கெடுக்க வந்த வி.ஏ.ஓ. இறங்கவில்லை. சீனுவாசன் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, ரோட்டில் பைக்கில் உட்கார்ந்தபடியே செல்போனில் ஒரு படம் எடுத்தார். காலனிக்காரர்களின் வரப்பில் கால் வைத்தால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. பயிர்க் கணக்கேடான அடங்கலில் தரிசு என்று ஏறியது. அடுத்த வாரமே, நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறார்கள், அவர்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சீனுவாசன் மனு போட்டார். அந்த வெட்கங்கெட்ட மனுவுக்கு என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மாசியில் கல்யாண மண்டபத்தில் சிறுதானியத் திருவிழா. கேப்பை பிஸ்கட் விற்கிறவர்கள் நடத்தியது. சவுரியம்மாளை மேடையேற்றி, சிறப்பு விருந்தினரான வி.ஏ.ஓ. கையால் பொன்னாடை போர்த்த வைத்தார்கள். "பாரம்பரிய விவசாயத்தின் காவலர்" என்று அந்த வாய் கூசாமல் வாசித்தது.

சவுரியம்மாள் மைக்கை வாங்கினார். "எந்தக் கொல்லைக்கு சார் இது?"

"உங்க கொல்லைக்குத்தாம்மா."

"அதைத் தரிசுன்னு எழுதிட்டீங்களே?"

கூட்டம் வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. "ஆபீசுக்கு வாங்கம்மா, பேசிக்கலாம்" என்று அவரும் சிரித்தார்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். சவுரியம்மாள் பச்சைத் துவரைக் கொத்தை மேஜைமேல் வைத்தார். "ஒரு தபா எறங்கி வந்து பாருங்க சார்."

"போட்டோவுல அப்படித்தாம்மா இருக்குது, நான் இன்னா பண்றது? எல்லாரையும் மாதிரி ஒரே பயிரா வெச்சா உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் இல்ல." எழுதியதை அவர் மாற்றவில்லை. மேடையில் 'உங்க' என்று பேசியவருக்கு ஆபீசில் 'உனக்கு' தானாக வந்தது.

சீனுவாசனின் மனு விசாரணையில் நின்றது. அடுத்த போகமும் தரிசு என்று ஏறினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும். ஆவணியில் நான் போய்ப் பார்த்தபோது பெண்கள் ரோட்டோரம் மட்டும் பத்து சால் வெறும் கேப்பை விதைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் பழையபடி துவரையும் மொச்சையும். நடுவில் ஒரு கொல்லைப் பொம்மை. அதன் தோளில் அந்தப் பொன்னாடை.

"இன்னாக்கா இது?" என்றேன்.

"போட்டோ எடுக்க வருவாருல்ல? அவரு போத்துனதாவது அவரு கண்ணுக்குத் தெரியட்டும்."

ஐப்பசியில் அடங்கலில் கேப்பை என்று ஏறியது. சீனுவாசனின் மனு தள்ளுபடியானது. தள்ளுபடி உத்தரவோடு வந்த கணக்கெடுப்புப் படத்துக்கு ஜெராக்ஸ் கேட்டு சவுரியம்மாள் கடைக்கு வந்தார். வரிசையாகக் கேப்பை, பின்னால் பொன்னாடை போர்த்திய பொம்மை, எல்லாம் தெளிவாக இருந்தது. படத்தின் கீழ் ஓரத்தில் பைக்கின் கண்ணாடியும் விழுந்திருந்தது. இந்த முறையும் வி.ஏ.ஓ. இறங்கவில்லை.