‘ம்-ர்’ உணவகம்

நெத்திலிக்குத் தலை கிள்ளுவது மான்சிக்கின் வேலை. கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, காய்ந்த நெத்திலியைக் கொட்டி, தலை ஒரு குவியலும் கறுத்த குடல் ஒரு குவியலுமாகப் பிரித்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் இதைச் செய்தது அவர் மனைவி ஒக்ரான். அவள் வலைப்பதிவு எழுத ஆரம்பித்ததும் அவள் கை கைப்பேசிக்குப் போயிற்று, நெத்திலி இவர் கைக்கு வந்தது. அதற்கு நன்றியாகவோ என்னவோ, எழுதுவதற்குத் தன் பெயரை ‘நெத்திலித் தலை’ என்று வைத்துக்கொண்டாள். இதில் தனக்கு என்ன மரியாதை என்று மான்சிக்குக்கு இன்றுவரை விளங்கவில்லை.

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருஷம் சோறாக்கியவள் ஒக்ரான். முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தபோது, பொழுது போகட்டும் என்று மகள் காயோங் இந்த வலைப்பதிவைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு சியோலுக்குத் திரும்பிப் போனாள். எந்தப் பொதுக் குளியல் இல்லத்தில் வெந்நீர் நிஜமாகவே சுடுகிறது, எந்தக் கடைச் சூப்பில் மீன் நீந்திவிட்டு மட்டும் போயிருக்கிறது என்பதையெல்லாம் எழுதினாள். அந்தத் தளத்தில் வாசகர்களுக்கு ‘அண்டைவீட்டார்’ என்று பெயர். நிஜமான பக்கத்து வீட்டுக்காரி குப்பைத் தகராறில் பேச்சை நிறுத்திய வருஷம், ஒக்ரானுக்கு அண்டைவீட்டார் ஆயிரத்தைத் தாண்டினார்கள்.

வம்பு மொரே உணவகத்தில் வந்தது. மான்சிக் தூண்டில் கதை சொல்லத் தொடங்கினால், சாப்பாட்டுக் குச்சியால் கிம்ச்சி ஊறுகாயின் முள்ளங்கித் தழையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பது அவள் வழக்கம். அன்றைய கதை நீளமாகப் போனதில் மூன்று முடிச்சு விழுந்தது. கைகழுவிவிட்டு வந்து பார்த்தால், அப்போதுதான் வந்து உட்கார்ந்த பக்கத்து மேசைக்காரர்கள் முன்னால் கிம்ச்சித் தட்டு. அதில் அவள் போட்ட அதே மூன்று முடிச்சு. படம் எடுத்துக்கொண்டாள்.

மிச்சம் வைத்ததை மறுபடி பரிமாறுவது குற்றம். ஆனால் அதை ஊரறியச் சொல்வதும் வம்பு. சொன்னது சத்தியமே ஆனாலும், சொன்னதால் ஒருவர் மானம் போனால் வழக்குப் போட இந்த ஊர்ச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பெயரில் உள்ள உயிர்களையெல்லாம் பிடுங்கிவிட்டு மெய்யை மட்டும் எழுதுவது. ஒக்ரானும் அப்படித்தான் செய்தாள். மொரே, ‘ம்-ர்’ ஆயிற்று.

அதே சந்தில் மிரு என்று இன்னொரு உணவகம் இருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எழுதுகிற சூட்டில் நினைவுக்கு வரவில்லை. அண்டைவீட்டார் பலர் மொரேயின் பெயரையே கேட்டதில்லை. மிருவை எல்லாருக்கும் தெரியும். ‘மிருவா? அடப்பாவமே, நானும் அங்கேதானே சாப்பிட்டேன்’ என்று கீழே கருத்துகள் குவிந்தன.

அந்த மிருவின் சொந்தக்காரி போங்னிம்தான் பதிவு வந்த பத்தாம் நாள் சாயங்காலம் ஒரு சட்டி நிறைய விலாக்கறியோடு வந்து செய்தித்தாளின் மறுபக்கம் உட்கார்ந்தாள். குளியல் இல்லத்தில் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிடும் சிநேகம் இருவருக்கும். ஒக்ரான் ஏதோ எழுதுகிறாள் என்று போங்னிமுக்குத் தெரியும். என்ன பெயரில் என்பது தெரியாது. தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் தங்கள் விருந்தை வேறு கடைக்கு மாற்றிவிட்டதையும், மத்தியானத்தில் பாதி மேசை காலியாகக் கிடப்பதையும், இப்படியே போனால் அடுத்த மாதம் கடையை மூட வேண்டியதுதான் என்பதையும் சொல்லி முடித்தாள்.

“உனக்குத்தான் இந்த எழுத்து வேலையெல்லாம் தெரியுமே. யாருடி அந்த நெத்திலித் தலை? கண்டுபிடிச்சுக் குடு. கையில மாட்டினா கிள்ளிப் போட்டுடறேன்.”

மான்சிக்கின் விரல் நின்றது. அவர் முன்னால் தலைகள் அம்பாரமாகக் கிடந்தன.

“அக்கா, அது நான்தான்” என்றாள் ஒக்ரான்.

போங்னிம் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அடங்கியது. “என் முதுகைத் தேய்ச்ச கையா இது?”

“உன் கடையைச் சொல்லலக்கா. மொரேயைச் சொன்னேன்.”

“அப்ப அதை எழுதேன்டி.”

வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் மின்தேயை ஒக்ரான் கைப்பேசியில் கூப்பிட்டு, மூவருக்கும் கேட்கும்படி வைத்தாள். மிரு இல்லை என்று எழுதினால் சந்தில் மிச்சம் இருக்கும் ‘ம்-ர்’ எதுவென்று குழந்தைக்குக்கூடத் தெரியும், அது பெயரைச் சொன்னதற்குச் சமம் என்றான் அவன். ஊர் நன்மைக்காகத்தான் எழுதினேன் என்று காட்ட முடிந்தால் தப்பிக்கலாம். முடியாவிட்டால் அபராதம்தான்.

“அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தை?”

“எதுக்குக் கேக்கணும்? என் முடிச்சு எனக்குத் தெரியாதா?”

“பத்திரிகைக்காரன் கேட்டிருப்பான். அவர் சொல்ற பதிலையும் சேர்த்துப் போட்டிருப்பான்.”

ஒக்ரான் அழைப்பைத் துண்டித்தாள். சோறாக்கிய காலத்தில்கூட உப்பு போதுமா என்று இன்னொரு வாயைக் கேட்காமல் அவள் அண்டாவை இறக்கியதில்லை. இதற்கு மட்டும் கேட்கத் தோன்றாமல் போனது அவளுக்கே உறைத்தது.

போங்னிம் இதற்குள் பாதி சமாதானமாகியிருந்தாள். எழுதுவதுதான் எழுதுகிறாய், மிருவில் விலாக்கறி பிரமாதம் என்றும் ஒரு வரி சேர் என்றாள்.

“அப்படி எழுதினா, இந்தப் பதிவுக்கு ஒரு சட்டி கறி வாங்கிக்கிட்டேன்னு தலைப்புலயே போடணும்க்கா. மறைச்சா அது தனி வம்பு.”

போங்னிம் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மான்சிக்கின் கன்னம் ஏற்கெனவே ஒரு பக்கம் உப்பியிருந்தது. அவர் மெல்லுவதை நிறுத்தி, விழுங்கலாமா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார்.

ஒக்ரான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மேல்சட்டையை மாட்டினாள். மொரேக்காரரிடம் போய் நேரிலேயே கேட்கப் போவதாகவும், அவர் சொல்வது எதுவானாலும் சேர்த்து, இரண்டு கடைகளையும் முழுப் பெயரோடு இன்றைக்கே எழுதிவிடப் போவதாகவும் சொன்னாள்.

“கேக்கப் போனா நீதான் நெத்திலித் தலைன்னு தெரிஞ்சுடுமேடி.”

“தெரியட்டும். நாளைக்கு உன் கடையில ஆள் உக்காரணுமில்ல?”

“காயோங் அம்மா,” என்றார் மான்சிக், ஒருவழியாகக் கறியை விழுங்கிவிட்டு, “அவன் நிஜமாவே கேஸ் போட்டுட்டான்னா?”

அவள் கழுத்துத் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, முடிச்சுப் படம் கைப்பேசியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, கூடத்தை விட்டு வெளியே போனாள்.