பவானி அக்காவின் கையெழுத்து

பவானி அக்கா இறந்த செய்தி எனக்கு வால்டோர்ஃபிலிருந்து வந்தது. அவர் இறந்தது ஜேர்மனியின் ஹம் நகரில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆனால் அவருடைய நாடகச் சபையில் யாருக்கு எந்தச் செய்தி எப்போது போகவேண்டும் என்பதற்கு ஒரு வரிசை இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன் நான் அந்த வரிசையிலிருந்து நீக்கப்பட்டிருந்தேன். ஆகவே மூன்றரை மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் மென்பொருள் வேலை செய்யும் கார்த்திக்தான் அழைத்து, "சார், அக்கா போயிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம்" என்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரான இதைக் கையில் எடுக்கும் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள். பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். இங்கே வந்து இருபத்தாறு வருடம் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தார். மீதி நேரத்தில் நாடக மன்றம் ஒன்றை முறைப்படி பதிவு செய்து, வருடத்துக்கு ஒரு நாடகம் போட்டார். அதாவது, வருடாவருடம் அதே நாடகம். நானூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட, கலியாணம் கட்டாத ராணி. அவரைச் சுற்றி வாலாட்டும் பிரபுக்கள். அவர் சிறைவைத்துக் கடைசியில் தலையை வெட்டுவித்த சொந்தக்காரி, ஸ்கொட்லாந்து ராணி. எழுத்து, இயக்கம், இங்கிலாந்து ராணி மூன்றும் பவானி அக்கா.

"ஏனக்கா, எங்கடை ராசாக்களைப் போட்டால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கடை ராசாக்களைப் பற்றி எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கு. இவவைப் பற்றி எனக்கு மட்டும்தான் இருக்கு" என்றார்.

அந்த ராணியிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம், இல்லை என்று சொல்லாமலிருப்பது. "இல்லையெண்டால் அவன் வீட்டை போயிடுவான். பாப்பம் எண்டு சொன்னால் பத்து வருசம் வாசலிலை நிப்பான்" என்பார். கார்த்திக் ஐந்து வருடம் நின்றார். ராணி மனம் வைத்த பிரபுவின் வேடம் வேண்டுமென்று சனிக்கிழமை தோறும் வால்டோர்ஃபிலிருந்து காரோட்டி வந்தார். வந்த கையோடு அக்காவின் அலுமாரியை மேல்மாடிக்கு ஏற்றினார், பின் இறக்கினார். "அக்கா, நெக்ஸ்ட் இயர் டெஃபனிட்டா லீட் ரோல் எனக்குத்தானே?" என்பார். "பாப்பம் தம்பி." ஐந்து வருடமும் அவர் ஈட்டி பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றார். ஆறாம் வருடம் அவருக்கு ஒரு வசனம் கிடைத்தது. "வருகிறார்கள்" என்பது அந்த வசனம். அவர் அதைத் தன் தாயாருக்குக் காணொளியாக அனுப்பினார்.

ஸ்கொட்லாந்து ராணியாக நடித்தவர் ஸ்டெல்லா அக்கா. பவானி அக்காவின் மாமன் மகள், சொந்த மச்சாள். மாமன் கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியதால் இவர் மாதா கோயிலுக்குப் போனார், பவானி அக்கா ஊர் எல்லையில் ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனார். ஒரே கட்டடத்தில் பவானி அக்கா மூன்றாம் மாடி, ஸ்டெல்லா அக்கா இரண்டாம் மாடி. இருவருக்கும் கணவர்மார் இல்லை. ஞாயிறு மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான்.

மரண தண்டனைக் காட்சியில் ஸ்டெல்லா அக்கா வெள்ளைச் சேலை உடுக்கவேண்டுமென்று பிரதியில் இருந்தது. ஒரு வருடம் அவர் கறுப்புப் போர்வையோடு மேடைக்கு வந்து, கொலைக்களத்தில் அதை உதறினார். உள்ளே அவருடைய சொந்தக் கலியாணக் கூறை, இரத்தச் சிவப்பு. மண்டபத்தில் றோல்ஸ் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள். பெண்கள் விம்மினார்கள். திரை விழுந்ததும் எல்லோரும் தலை போனவரைத் தேடி ஓடினார்கள். தலையோடு இருந்த ராணி தன் முடியைத் தானே கழற்றவேண்டி வந்தது.

"வரலாற்றிலையும் அவ உள்ளுக்குச் சிவப்புத்தானேடி உடுத்தவ. நீதானே சொன்னனி" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"ஓம், நான்தான் சொன்னனான்" என்றார் பவானி அக்கா. அந்தக் குரலை நான் மேடையில் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் என்னை அழைத்தார். நான் அப்போது மன்றத்தின் செயலாளர். உறுப்பினரை நீக்குவதென்றால் எழுத்தில், பதிவுத் தபாலில் அறிவிக்கவேண்டும் என்பது இந்த நாட்டில் பதிவு செய்த சங்கங்களின் வழக்கம். கடிதத்தை அவரே எழுதி வைத்திருந்தார். மன்றத்தின் ஒழுங்கை மீறியதற்காக ஸ்டெல்லா அக்கா நீக்கப்படுகிறார். என் கண்முன்னால் கையெழுத்து வைத்தார், ராணியின் கையெழுத்தைப் போலவே கீழே நிறையச் சுழிகளோடு. கடிதத்தை என்னிடம் நீட்டி, "இதை என்ன செய்யிறதெண்டு உமக்குத் தெரியும்தானே?" என்றார்.

இங்கே ஒரு விடயத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ஆங்கில ராணியும் மச்சாளின் மரண உத்தரவில் கையெழுத்து வைத்தார். செயலாளர் அதை அனுப்பினார். தலை விழுந்த பிறகு, கையெழுத்துத்தான் வைத்தேன், அனுப்பச் சொல்லவில்லை என்று ராணி அழுது, செயலாளரைச் சிறையில் போட்டார். எங்கள் நாடகத்தில் அந்தச் செயலாளராகப் பதினொரு வருடம் நடித்தவன் நான். சிறைக் காட்சியில் எனக்குக் கைதட்டுக்கூடக் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே தபால் நிலையத்துக்குப் போனேன். ஒரு மாடி கீழே போகவேண்டிய கடிதம் நகரத்தைச் சுற்றி இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தது.

மன்றக் கூட்டத்துக்குப் பவானி அக்கா கறுப்பு உடுத்து வந்தார். தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. "நான் கோவத்திலை ஒரு கையெழுத்து வைச்சனான். அனுப்பச் சொன்னனானே? என்ரை மச்சாளை என்னட்டையிருந்து பிரிச்சுப்போட்டான்" என்று அழுதார். ஏகமனதாக என்னை நீக்கினார்கள். கார்த்திக்கும் கை தூக்கினார். அது அவருடைய இரண்டாவது வசனம் மாதிரி.

பதவி போனது, வேலை போகவில்லை. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அக்காவின் ஓய்வூதியப் படிவம், வாடகைப் படிவம் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பினேன். இரண்டாம் மாடியைக் கடக்கும்போது சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவேன். ஸ்டெல்லா அக்காவுக்குக் கேட்கக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. மச்சாள்மார் பேசவில்லை. ஞாயிற்றுச் சாப்பாடு இரண்டு சட்டிகளானது. அடுத்த வருட நாடகத்தில் ஸ்கொட்லாந்து ராணியாகவும் பவானி அக்காவே நடித்தார். தன் மரண உத்தரவில் தானே கையெழுத்து வைத்துவிட்டு, உடை மாற்ற உள்ளே போனார். யாரும் அழவில்லை. சிரிக்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை.

கடைசி மாதம், நோயாளர் இல்லத்தில் அவரைப் பார்க்க டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சொல்லுக்காகத்தான் போனேன். ஒன்பது வருடமாக இந்த ஊரில் நான் இரண்டு மச்சாள்மாரைப் பிரித்தவன். அதை மாற்ற ஒருவரால்தான் முடியும்.

"ஸ்டெல்லா அக்காவுக்கு நடந்ததைச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே யோசித்தார். "சொன்னால் அவள் என்னிலை கோவிப்பாள். இப்ப உம்மிலைதானே கோவம். உமக்கு அதைத் தாங்க இன்னும் காலம் கிடக்கு. எனக்கு ஏலாது." பிறகு, "வரலாற்றிலை ராணி அந்தச் செயலாளரைத் திரும்பிப் பார்க்கேல்லை. நான் உம்மை உள்ளுக்கு விட்டனான்" என்றார். நான் புறப்பட்டபோது தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போகச் சொன்னார். செய்தேன்.

தகனம் முடிந்து மண்டபத்தில் ஸ்டெல்லா அக்கா என்னிடம் வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"நீர் அந்தக் கடிதத்தை அனுப்பாட்டி, நாங்கள் ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒண்டாச் சாப்பிட்டிருப்பம்."

"ஓம் அக்கா."

"அவள்தான் அனுப்பச் சொன்னவள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் என்னோடை பேசேல்லை?" என்றேன்.

"அவளிலை கோவிச்சால் பிறகு எனக்கு ஆர் இருக்கினம்? உம்மிலை கோவிக்கிறது லேசு. அவளுக்கும் அதுதான் வசதி. மேலை நீர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுறதும் எனக்குக் கேட்கிறதுதான்."

அப்படியானால் ஏன் மேலே போய் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டேன்.

"அவள் முதல் இறங்கி வரட்டும் எண்டு பார்த்தன். அவள் நான் ஏறி வரட்டும் எண்டு பார்த்திருப்பாள்." கைப்பையைத் திறந்தார். "முப்பத்தொண்டுக்கு மலர் அடிக்கிறன். நீர் எழுதும். நீர்தானே செயலாளர்."

பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்தார். மடிப்புகள் தேய்ந்திருந்தன, பலமுறை விரித்திருக்கிறார். மேலே "பதிவுத் தபால்" என்று பவானி அக்காவின் கையாலேயே எழுதியிருந்தது, கீழே அந்தச் சுழிகள். என் பெயரைக் காப்பாற்ற இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சி. அதை என் கையில் வைத்து, "இதை என்ன செய்யிறதெண்டு உமக்குத் தெரியும்தானே?" என்றார்.

"மலரிலை போடவோ, எரிக்கவோ? வாயாலை சொல்லுங்கோ அக்கா" என்றேன். பதினொரு வருட நடிப்பும் ஒன்பது வருடத் தண்டனையும் எனக்குக் கற்பித்த ஒரே கேள்வி அது.

ஸ்டெல்லா அக்கா வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பவானி அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கடிதம்தான். அதை இந்த மலரில் அச்சிடவில்லை. அச்சிடும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.