கடைசிக் குரலும் அடங்கும்வரை

என் நாத்தனார் ரவ்னாவை ‘வாயே திறக்காத மனுஷி’ என்று வடதுருவத்தை ஒட்டிய எங்கள் கடற்கரையில் சொல்வார்கள். சொல்பவர்கள் அவள் மான்களோடு பேசிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். கோடை முழுக்கத் தீவில் கலைமான் மந்தையோடு கிடப்பாள். பனி இறங்குமுன் மந்தையை ஜலசந்தியில் நீந்தவைத்து இக்கரைக்குக் கொண்டுவருவாள். அதுதான் அவள் வாழ்க்கை.

அந்த வருஷம் பனி உருகத் தாமதமானதில் குட்டிகள் பிந்திப் பிறந்து நோஞ்சானாக இருந்தன. நீந்திக் கரை சேருமா என்ற கவலையில் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

“அக்கா, இன்னும் ஒரு வாரம் மேயட்டுமே,” என்றார் என் புருஷன் மிக்கல்.

“அதுவரைக்கும் புயலை நீ புடிச்சு வச்சிருப்பியாடா?”

மறுநாள் காலை தீவிலிருந்து துடுப்புப் படகின் பின்னால் மூசெத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். மூசெத் காயடித்த கிழட்டுக் கறுப்பு மான். அது போனால்தான் மந்தை போகும். நான் இக்கரையில் பாறை மறைவில் இருந்தேன். மந்தை தண்ணீரில் இறங்கியது. தலையும் கொம்பும் மட்டும் தெரிய, ஒரு காடே கடலில் நடந்து வந்தது. அடேயப்பா! எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்குக் கண்ணெடுக்க மனசு வராது.

மோட்டார் படகோடு மந்தைக்குப் பின்னால் வரவேண்டியவர் மிக்கல். நீரோட்டம் குட்டிகளை அடித்துக்கொண்டு போகாமல் மறிக்கிறேன் பேர்வழி என்று முன்பக்கம் சுற்றி வந்தார். காற்று வரும் பக்கம்! மந்தை ஓட்டுகிற யாராவது அப்படிச் செய்வார்களா? பெட்ரோல் நெடியும் மனுஷ வாடையும் மூக்கில் ஏறியதும் முன்னால் வந்த மான்கள் திரும்பின. பின்னால் வந்தவை அவற்றைத் தொடர்ந்தன. கடல் நடுவே மந்தை வட்டம் போடத் தொடங்கியது. அந்தச் சுழலில் சிக்கினால் முதலில் முழுகுவது குட்டிகள்தான்.

ரவ்னா படகைத் திருப்பி அந்த வட்டத்துக்குள்ளேயே விட்டாள். கொம்புகள் படகை இடித்தன. “வா மூசெத், வாடா என் ராசா, வா” என்று அவள் குரல் எனக்கே கேட்டது. வட்டத்தைக் கிழித்துக்கொண்டு மூசெத் வெளியே வந்தது. ஒரு பெண்மான் அதைத் தொடர்ந்தது, அப்புறம் இன்னொன்று. கயிற்றை அவிழ்த்து அதைக் கரைக்கு அனுப்பிவிட்டு அவள் பின்தங்கினாள்.

மந்தை கரையேறியதும் நாங்கள் எண்ணமாட்டோம். காது கொடுத்துக் கேட்போம். தாய் கூப்பிடும், குட்டி பதில் கொடுக்கும், சேர்ந்ததும் இரண்டும் அடங்கிவிடும். கரையே அதிர்ந்த அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு தாய், கடலைப் பார்த்தபடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

கரை சேர்ந்திருந்த மிக்கல் மணலில் உட்கார்ந்துவிட்டார். “என்னாலதான் போச்சு, என்னாலதான்…”

“சும்மா இருங்க! கேளுங்க!” என்றேன்.

கரையை நெருங்கிய ரவ்னாவின் படகிலிருந்து மெல்லிசாக ஒரு பதில் வந்தது. தாய்மான் வயிறு நனையத் தண்ணீருக்குள் ஓடியது. படகுக்குள்ளே, அவள் கம்பளிச் சட்டையில் சுற்றியபடி, கடலிலிருந்து அவள் தூக்கிய ஒரு நோஞ்சான் குட்டி.

“பெட்ரோல் நாத்தம் புடிச்சவனே, வந்து தூக்குடா. என் கை விறைச்சுப்போச்சு.”

மிக்கல் அழுதுகொண்டே தூக்கி இறக்கினார். குட்டி தாயின் மடியை முட்டியது. கரையில் ஒரு குரலும் மிச்சமில்லை.