ஜேடர்பாளையத்துப் பரிசலில் துடுப்புக்குக் காது கொடுத்தவர்

வீட்டுக்காரருக்குக் கடற்படையில் வேலை. இரண்டு மாதம் முன்பு லீவில் ராசிபுரம் வந்தபோது, பணியை நீட்டிப்பதா, விட்டு வருவதா என்று அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. "நீ சொல்றதுதான்" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டார். 'வந்துவிடுங்கள்' என்று சொல்வதற்காகவே ஒரு செவ்வாய்க்கிழமை அவரை ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கிளப்பினேன். வீட்டிலேயே சொல்லலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் எட்டுப் பேர்!

காலை 7.10க்கு நாமக்கல் பஸ். அங்கிருந்து பரமத்தி வேலூர், அங்கே மாறி டவுன் பஸ்; அதில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சுமார் அறுபது கிலோமீட்டர், பத்து மணிக்கு இறங்கினோம்.

அணைக்கு மேல்புறம் பரிசல், ஆளுக்கு ஐம்பது ரூபாய். "கப்பல்காரருக்குப் பரிசல் பத்துமா?" என்று சீண்டினேன். பரிசல்காரர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்.

"கப்பல்ல என்ன வேலைங்க சார்?"

"நீர்மூழ்கி வருதான்னு காது வச்சுக் கேக்கறதுங்க. எடம் தெரிஞ்சா ஏவுகணை போவும்."

"தண்ணிக்குள்ளயுங்களா?"

"ஆகாசத்துலீங்க. மைல் கணக்கா பறந்து போயி, பாராசூட்டுல டார்பிடோங்கற குண்ட எறக்கி உட்ரும். அது முங்கிச் சத்தத்தத் தேடிப் புடிக்கும். கப்பல் கிட்டப் போனா நீர்மூழ்கிக்காரன் முந்திக்குவானுங்க."

"எத்தன உட்ருக்கீங்க?"

"பயிற்சிக்குத்தானுங்க. நெசத்துக்கு ஒண்ணுகூட இல்ல."

அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் பதினாலு வருடம். கேட்க வேண்டுமென்றால் கப்பல் வாயை மூடிக்கொள்ளுமாம், போனும் சேர்த்துத்தான். அந்த ஏவுகணை ஒருநாளும் பறக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு, அடிக்காத போனைப் பார்த்தபடி நான் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்!

அவர் துடுப்பைக் கேட்டார். "தொழாவாட்டிப் பரிசல் சுத்துமுங்க" என்றார் பரிசல்காரர்.

"சுத்தட்டுமுங்க."

துடுப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, மேல்முனையில் காதை வைத்தார். பரிசல் சுற்றியது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கரையில ஒரு மோட்டார் ஓடுது. பேரிங் போயிருச்சு."

பரிசல்காரர் சிரித்துவிட்டார். "எங்க மச்சான் மோட்டாருங்க! நேத்துத்தான் கத்துதுன்னாரு."

அப்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படியொரு சந்தோஷம் அதில் இல்லை. கரையேறி மீன் வறுவல் தின்னும்போது, "என்ன எழுதட்டும்?" என்றார்.

"நீட்டிப்புன்னே எழுதிக் குடுங்க." சொல்ல வந்தது அதுவல்ல.

போகிறவர்களுக்கு: ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. வெயிலுக்குத் தொப்பி, பரிசலில் மிதவை உடுப்பு கட்டாயம். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் இருட்டுவதற்குள் ராசிபுரம்.

லீவு முடிந்து அவர் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்; அவர் போன் அணைந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். போன செவ்வாய் நான் மட்டும் மறுபடி போனேன். துடுப்பை வாங்கிக் காது வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் பேரிங் மாற்றிவிட்டாராம். இருந்தாலும் இன்னொரு ஐம்பது ரூபாய் கொடுத்து, இன்னும் கொஞ்ச நேரம் சுற்றட்டும் என்றேன்.