வாளியும் அண்டாவும்

வடக்கே, ஜனக்புரியில் எங்கள் அறைச் சுவரில் பழைய நாள்காட்டித் தாள் ஒன்று பின்பக்கம் தெரிய ஒட்டியிருக்கிறது. அதில் நீல ஸ்கெட்ச் பேனாவால் நான் எழுதிய இரண்டு ஆங்கில வாக்கியங்கள். "ஐ வில் பி ஏபிள் டு கம் டுமாரோ", அதாவது நாளை என்னால் வர முடியும் என்பது ஒன்று. "நீங்கள் உதவினால் என்னால் முடியலாம்" என்பது மற்றது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இன்றும் உண்டு.

அப்பா கல்யாணச் சமையல் காண்டிராக்டர் ஒருவரிடம் அண்டா தூக்கினார். வேலை முடிந்து வந்ததும் அந்தத் தாளின் முன்னால் நின்று, நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிப் பார்ப்பார். முதல் வாக்கியம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பால் விற்கும் பையாவிடம்கூடச் சொல்வார். இரண்டாவதைக் கேட்டாலே எரிச்சல். "என்ன பாப்பா இது, உதவினா, ஆனா, போனான்னு? ஆள் எடுக்க வர்றவன்கிட்ட இப்படி இழுத்தா, பக்கத்துல நிக்கிறவனைக் கூட்டிட்டுப் போயிடுவான்." தினக்கூலிக்கு ஆள் பிடிக்கும் சௌக் நாற்சந்தியில் பல வருஷம் நின்றவர். தயங்கியவனுக்கு அன்று வேலை இல்லை என்பதைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

ஒரு குளிர்காலத்தில் ஈரத் தரையில் வழுக்கி அவர் முதுகில் அடிபட்டது. டாக்டரிடம் எழுதி வாங்கி வரும்படி காண்டிராக்டர் சொன்னார். தூக்க முடியாது என்று எழுதினால் உட்கார்ந்து காய் நறுக்கும் வேலை. முடியும் என்றால் மறுபடியும் அண்டா. பேசுவதற்காக என்னைக் கூட்டிப்போனார். அன்று காலை அரை வாளித் தண்ணீரைப் பாதி வழியில் வைத்துவிட்டு அவர் சுவரைப் பிடித்து நின்றதை நான் பார்த்திருந்தேன். வலி குறைந்தால்தான் முடியும் என்று சொல்ல வேண்டும், வாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனேன்.

இன்னும் இரண்டு வாரத்தில் இவரால் கனம் தூக்க முடியுமா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எஸ் சார். ஐ வில் பி ஏபிள் டு லிஃப்ட்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அச்சா! யார் சொல்லிக்கொடுத்தது?"

"மை டாட்டர், சார்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சபாஷ் பேட்டா. அப்பாவால் முடியும்தானே?" நான் தலையாட்டினேன். அப்பாவின் பெருமையைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதைவிட அற்பமானது. என்னை ஒருவர் பாராட்டினார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"பாத்தியா, ஒரு சொல்லுகூடத் தப்பல" என்றார் அப்பா, படி இறங்கும்போது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றியிருந்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே சாம்பார் அண்டாவோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே அதன்பிறகு எதுவும் அசையவில்லை.

இப்போது நான் நாள் முழுக்க ஆங்கிலம் பேசிச் சம்பாதிக்கிறேன். காலையில் அவரைப் புரட்டி முதுகைத் துடைத்துவிட்டுத்தான் மெட்ரோவுக்கு ஓடுகிறேன். ஒருமுறை அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும், பாப்பா எழுதினது" என்று தடுத்துவிட்டார். போன வாரம் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்து, யாரும் பிடிக்காமல் அப்பாவால் தனியாக உட்கார முடியுமா என்று கேட்டாள். அப்பா நிமிரப் பார்த்தார்.

"முடியாது" என்றேன் நான், முந்திக்கொண்டு.

அப்பா தாள் ஒட்டியிருக்கும் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.